மூச்சும் மாத்திரையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் நம் கல்லூரியின் பழைய மாணவரான சித்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. – மலர்க் குழு)



நான் இந்தக் கல்லூரியில் படித்தது ஒரே ஒரு வருஷம். 1973-74 பி.யூ.சி. இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பி.யூ.சி. என்றால் என்னவென்றே தெரியாது. பிளஸ் டூ வருவதற்கு முன்னால் அதுதான் வாசல். அந்த ஒரு வருஷத்திலே எனக்கு நன்றாக நினைவிருப்பது வேதியியல் ஆய்வுக்கூடம்தான். கிப் உபகரணத்திலிருந்து வரும் அழுகின முட்டை நாற்றம் சட்டையோடு விடுதி வரைக்கும் வரும். அப்புறம் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். 1964-ல் தொடங்கிய கல்லூரி அது. "ஏண்டா, மார்க் பத்தலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. உண்மையைச் சொன்னால், பத்தலைதான்.

சங்கச் செயலாளர் என்னிடம் கொடுத்த தலைப்பு 'முழுமை நலமும் தியானமும்'. நல்ல தலைப்பு. ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஆரம்பிக்கிற மாதிரி நான் ஆரம்பிக்கப் போவதில்லை. ஒரு போன் கால் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

2014-ல் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். வைத்தியசாலையில் நல்ல கூட்டம். நம்ம பி.யூ.சி. கோஷ்டியில் ஒருத்தன் கூப்பிட்டான். பெயர் வேண்டாம். ஊரில் கடை வைத்திருந்தான். பல வருஷமாக ரத்தக் கொதிப்பு. தினம் ஒரு மாத்திரை. அந்த வாரம் ஒரு மூணு நாள் தியான முகாமுக்குப் போய்விட்டு வந்திருந்தான். குரலே மாறியிருந்தது. "மாப்ளே, 126-க்கு 82டா! இத்தனை வருஷத்தில் இப்படி வந்ததே இல்லே. இனிமே மாத்திரை வேண்டாம்னு அங்கே ஒருத்தர் சொன்னார். நிறுத்திட்டேன். நீ என்ன சொல்றே?" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப சந்தோஷம்டா. ஞாயித்துக்கிழமை நேர்ல வா, பார்க்கலாம்." அவ்வளவுதான். எதிரே ஒரு குழந்தை மாந்தத்தில் அழுதுகொண்டிருந்தது. போனை வைத்துவிட்டேன். அவன் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. நானும் மறந்து போனேன்.

நாலு மாதம் கழித்து, மகள் நிச்சயதார்த்தத்தில், தாம்பூலத் தட்டைத் தூக்கப் போனவன் அப்படியே சரிந்து விழுந்தான். வலது கை, வலது கால் போச்சு. பேச்சும் போச்சு. மூளையில் ரத்தக் கசிவு. பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள்.

இதைச் சொல்ல எனக்கு அனுமதி இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், "இதைச் சொல்லாம வேற எதைடா சொல்லப் போறே?" என்று கேட்டதே அவன்தான். அந்த ஒரு வாக்கியத்தை முடிக்க அவனுக்கு இப்போதும் ஒரு நிமிஷம் ஆகிறது. மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த 126 எப்படி வந்தது? இதைப் பின்னாடி உட்கார்ந்து யோசித்தேன். அந்த மூணு நாளும் கடை இல்லை, கணக்கு இல்லை, வரி நோட்டீஸ் இல்லை. சாப்பாட்டில் உப்பு குறைச்சல், ஊறுகாய் அப்பளம் கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தூக்கம். தியானமும் செய்தான், அதுவும் நல்லதுதான். ஆனால் முக்கியமாக, அந்த மூணு நாளும் அவன் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இருந்தான்! அது மாத்திரையோடு சேர்ந்து வந்த 126. மாத்திரையை எடுத்துவிட்டால் அது 126 ஆகவே நிற்கும் என்று யார் சொன்னது? ரத்தக் கொதிப்பு பல பேருக்கு ஒரு தலைவலிகூடக் காட்டாமல் ஏறும். "நல்லாத்தான் இருக்கேன்" என்பது அங்கே சாட்சி ஆகாது. கருவியைக் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த நாலு மாதமும் அவன் பார்க்கவில்லை.

இப்போது, "அப்படியானால் தியானம், மூச்சுப் பயிற்சி எல்லாம் வெறும் பேச்சா, வைத்தியரே?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

எங்கள் மருத்துவத்தில் நோயாளி உள்ளே வந்தால் எட்டு விதமாகப் பார்க்க வேண்டும். நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், ஸ்பரிசம், நாடி. இதுக்கு 'எண்வகைத் தேர்வு' என்று பெயர். நாடியை மூணு விரலால் பார்ப்போம். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். ஒன்று, அரை, கால் என்ற கணக்கில் நடந்தால் சுகம். வாத நாடி அன்னம் போல, கோழி போல நடக்கும். பித்தம் ஆமை, அட்டை போல. கபம் தவளை, பாம்பு போல என்று படிக்க வைப்பார்கள். முதல் வருஷம் எனக்கு எல்லா நாடியும் கோழியாகவே தெரிந்தது.

நான் சொல்ல வருவது, இந்த எட்டையும் பார்க்கக் குறைந்தது பதினைந்து நிமிஷம் ஆகும். 'மொழி' என்பதும் அந்த எட்டில் ஒன்று. அதாவது நோயாளி பேசுவதைக் கேட்க வேண்டும். முழுமை நல மருத்துவம் என்று இன்றைக்குப் பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான். திருக்குறளில் மருந்து என்ற 95-ஆம் அதிகாரம் பத்துக் குறளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறது. முன்னே சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்து, பசித்து, அளவோடு சாப்பிடு என்கிறது. தேரையரின் நோயணுகா விதியும் அப்படித்தான். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மோரைப் பெருக்கு, நெய்யை உருக்கு, நாலு நாளைக்கு ஒரு தரம் எண்ணெய் தேய்த்துக் குளி, நாலு மாதத்துக்கு ஒரு தரம் பேதிக்குச் சாப்பிடு. எதுவும் மூணு நாளில் முடிகிற சங்கதி இல்லை, கவனியுங்கள். முகாம் போட்டு இதைக் கொடுக்க முடியாது.

மூச்சுக்கு வருவோம். ஒரு நாளைக்கு மனிதன் 21,600 முறை மூச்சு விடுகிறான் என்று நம் பழைய நூல்கள் சொல்லும். மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1440 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்குப் பதினைந்து. இன்றைய உடலியல் புத்தகம், ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 என்கிறது. கடிகாரம் இல்லாத காலத்தில் எவனோ பொறுமையாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறான்!

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்கு அளவு சொல்கிறார். பூரகம் 16, கும்பகம் 64, ரேசகம் 32. இந்த அளவுக்குப் பெயர் என்ன? மாத்திரை! கண் இமைக்கிற, கை நொடிக்கிற நேரம். ஆக, இரண்டு மாத்திரையும் நமக்கு உண்டு, ஒன்றை வைத்து இன்னொன்றை நிறுத்த வேண்டாம் என்று என் நோயாளிகளிடம் வேடிக்கையாகச் சொல்வேன். ஆனால் அந்த 64 மாத்திரை மூச்சை அடக்குகிற வேலை, பக்கத்தில் குரு இருந்து வருஷக்கணக்கில் பழகினவர்களுக்கு. ரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்கள் மூச்சைத் தம் கட்டவே கூடாது. தொலைக்காட்சியைப் பார்த்துச் செய்கிறேன் என்று யாராவது ஆரம்பித்திருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. இத்தாலி நாட்டு டாக்டர் பெர்னார்டியும் அவர் குழுவும் எழுதியது. 23 பேரை உட்காரவைத்து, ஒரு தடவை லத்தீனில் ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள். இன்னொரு தடவை திபெத்திய பௌத்தர்கள் சொல்லும் 'ஓம் மணி பத்மே ஹும்' மந்திரம். இரண்டிலுமே மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற கணக்குக்கு வந்து நின்றது. மாதா கோயில் பாட்டிக்கும் திபெத்துத் துறவிக்கும் ஒரே தாளம்! நம்ம வீட்டில் விளக்கேற்றி நீளமாகப் பாராயணம் பண்ணுகிற அத்தைக்கும் அதே தாளமாக இருக்கும் என்பது என் எண்ணம். யாரும் அளந்து பார்த்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆறு என்பதில் என்ன விசேஷம்? கழுத்துத் தமனியிலும் இருதயத்துக்கு மேலே வளைகிற பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தை உணர்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குத் தகவல் சொல்லும். மூளை இருதயத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும். நிமிஷத்துக்கு ஆறு என்று மூச்சை நிதானப்படுத்தினால் இந்த ஏற்பாடு கூர்மையாக வேலை செய்கிறது. அந்தக் கட்டுரை அளந்து காட்டியது அதைத்தான். மந்திரத்துக்கு மகிமை இருக்கிறதா என்பது உங்கள் உங்கள் நம்பிக்கை, மூச்சுக்கு இருக்கிறது.

எவ்வளவு இறங்கும்? சில புள்ளிகள். நாற்பது, ஐம்பது புள்ளி இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017-ல் அமெரிக்க இருதயச் சங்கம் தியானத்தைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தது. பலன் இருக்கலாம், முடிவாகச் சொல்லப் போதாது, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம் என்று எழுதினார்கள். 'சேர்த்து' என்ற அந்த வார்த்தையை என் நண்பனுக்கு 2014-ல் நான் சொல்லியிருக்க வேண்டும்.

சொந்த வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறேன். கீழாநெல்லி. காமாலை என்றால் நம்ம ஊரில் யாருக்கும் டாக்டர் வேண்டாம், மோரில் அரைத்துக் கலக்கிக் கொடுத்துவிடுவார்கள். 1988-ல் சென்னையில் டாக்டர் தியாகராஜன் குழுவினர் இதை ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமக்கிறவர்களிடம் பரிசோதித்து லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருத்தருக்குத்தான் மறைந்தது. அன்றைக்கு நாங்கள் தரையில் நடக்கவில்லை! பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. செடியின் வகையா, பறித்த பருவமா, நோயாளிகளின் வேறுபாடா, பல காரணம் பேசினார்கள். எங்கள் ஆட்களில் பலர் முதல் செய்தியை மட்டும் இன்றைக்கும் சொல்கிறார்கள், இரண்டாவதைச் சொல்வதில்லை. பித்த நாளத்தில் கல் அடைத்தாலும் காமாலை வரும், கட்டி அடைத்தாலும் வரும். அங்கே கீழாநெல்லி கொடுத்துக் காத்திருந்தால் போவது நோய் இல்லை, நேரம்.

சீனாவில் து யூயூ என்ற அம்மையார் வேறு மாதிரிச் செய்தார். மலேரியாவுக்கு மருந்து தேடி, பழைய ஓலைச்சுவடி மாதிரியான அவர்கள் நூல்களை அலசினார். நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய நூலில், ஒரு மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது. கொதிக்கவை என்று இல்லை. அவருக்குப் பொறி தட்டியது. சூடு பட்டால் சத்து போய்விடுகிறதோ? ஈதரில் குறைந்த சூட்டில் எடுத்தார். 1972-ல் ஆர்ட்டெமிசினின் பிரிந்து வந்தது. 2015-ல் நோபல் பரிசு. பழைய நூலை அவர் மதித்தார். அதோடு நிற்காமல் சோதித்தார். நம் வேதியியல் மாணவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் நான் ரொம்ப சந்தோஷப்படுவேன். நம்ம பர்ப்பம், செந்தூரத்தில் உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. பாதரசமும் கந்தகமும் சேர்கிற இடம் அது. சரியாக முடிக்காத சரக்கு சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும்.

சரி, பேச்சு போதும். எல்லோரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். சம்மணம் வேண்டாம், நம்ம வயசுக்கு எழுந்திருப்பது கஷ்டம். கண்ணை மூடுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணுகிற நேரம் மூச்சை இழுங்கள். அடக்க வேண்டாம். ஆறு எண்ணுகிற நேரம் மெதுவாக விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி, நிமிஷத்துக்கு ஆறு. காலையில் பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம். மனசு கடைத்தெருவுக்குப் போனால் போகட்டும். எண்ணிக்கைக்குத் திரும்பி வாருங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

(அரங்கில் மூன்று நிமிடம் அமைதி.)

கண்ணைத் திறக்கலாம். மூணாவது வரிசை நண்பன் இதைத் தினமும் செய்கிறான். காலையில் மாத்திரை, பிறகு மூச்சு, பிறகு கைப்பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை தோறும் நானே போய்க் கருவியைக் கட்டி அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதிவைக்கிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவனுடைய இருதய டாக்டர். அவரிடம் என் நோட்டைக் காட்டுவான். அவரும் முகம் சுளிக்காமல் பார்ப்பார்.

சாப்பாட்டு மணி அடித்தாகிவிட்டது, செயலாளர் கையைக் காட்டுகிறார். என் தொலைபேசி எண்ணை அவரிடம் கொடுத்திருக்கிறேன். "மாத்திரையை நிறுத்தலாமா?" என்று கேட்பதற்காக யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும் கூப்பிடலாம். வைத்தியசாலையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எடுப்பேன்.