கேப்டன் பார்க்கர் வீட்டுத் துப்பாக்கி



அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே லெக்சிங்டன் என்றோர் ஊர் இருக்கிறது. ஊர் நடுவே ஒரு திடல். அதன் முனையில் 1900ஆம் ஆண்டு நிறுவிய வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. கையில் துப்பாக்கி, திரண்ட தோள், இளமை பொங்கும் முகம். பார்ப்பவர்கள் எல்லோரும் கேப்டன் ஜான் பார்க்கரின் சிலை என்றே அதைச் சொல்வார்கள். உண்மையில் பார்க்கரின் படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 1775ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று அந்தத் திடலில் நின்ற பார்க்கருக்கு வயது 45. காசநோய் முற்றி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமும் உடம்பு. இன்று உங்களிடம் நான் பேசப்போவது அந்த நோயாளி மனிதரைப் பற்றியும், அவர் குடும்பத்தைப் பற்றியும்தான்.

ஜான் பார்க்கர் 1729இல் லெக்சிங்டனிலேயே பிறந்தவர். உழவர்; சக்கரமும் மரப்பொருளும் செய்யும் தச்சு வேலையும் தெரிந்தவர். 1755இல் லிடியா மூர் என்ற பெண்ணை மணந்தார். ஏழு பிள்ளைகள். பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக ஆங்கிலேயர் நடத்திய போரில் இளமையில் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்ட அனுபவமும் அவருக்கு இருந்தது.

அந்தக் காலத்து மாசசூசெட்ஸ் ஒரு பிரிட்டிஷ் குடியேற்றம். அங்கே ஊருக்கு ஊர் ஒரு படை உண்டு. 16 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் சொந்தத் துப்பாக்கியோடு வந்து பயிற்சி எடுக்க வேண்டும். அவர்களுக்குச் சீருடை கிடையாது. தங்கள் கேப்டன் யார் என்பதை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். லெக்சிங்டன் மக்கள் தேர்ந்தெடுத்தது பார்க்கரை. அந்தப் படையில் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஜோனஸ் பார்க்கர் இருந்தார். மாமன் மச்சான் உறவுக்காரர்கள் இருந்தார்கள். தகப்பனும் மகனும் ஒரே வரிசையில் நின்றார்கள். எஸ்டாபுரூக் குடும்பத்தின் அடிமையாக இருந்த பிரின்ஸ் என்ற கறுப்பினத்தவரும் அதே வரிசையில் நின்றார். ஆக, பார்க்கர் ஒரு கட்டளை இட்டால், அது அவருடைய சொந்தபந்தங்களின் உயிரைத் தொடும் கட்டளை.

பிரிட்டிஷ் அரசுக்கும் குடியேற்ற மக்களுக்கும் பகை முற்றியிருந்த 1775 ஏப்ரல் 18 நள்ளிரவு. கான்கார்டு என்ற ஊரில் குடியேற்ற மக்கள் சேர்த்துவைத்திருந்த ஆயுதங்களைப் பறிக்க பாஸ்டனிலிருந்து பிரிட்டிஷ் படை கிளம்பிவிட்டது என்று பால் ரெவியர் என்பவர் குதிரையில் வந்து செய்தி சொன்னார். மணி அடித்தது, ஊர்ப் படை திடலில் கூடியது. வெகுநேரம் காத்திருந்தும் எதிரியைக் காணோம். குளிர் வேறு. முரசுச் சத்தம் கேட்டால் உடனே வர வேண்டும் என்று சொல்லிப் பார்க்கர் அவர்களை அனுப்பினார். சிலர் வீட்டுக்குப் போனார்கள். சிலர் திடலை ஒட்டிய பக்மன் விடுதியில் ஒதுங்கினார்கள். விடியும் வேளையில் முரசு முழங்கியது. ஓடிவந்து வரிசையில் நின்றவர்கள் 77 பேர். எதிரே வந்த படையின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 700.

அந்தத் திடலில் இன்று ஒரு பாறை இருக்கிறது. 'நிலைத்து நில்லுங்கள், அவர்கள் சுடாமல் சுடாதீர்கள், போர்தான் வேண்டுமென்றால் அது இங்கேயே தொடங்கட்டும்' என்ற பொருளில் பார்க்கர் சொன்னதாக அதில் வரிகள் பொறித்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் நினைவிலிருந்து வந்த வரிகள் அவை. சண்டை நடந்து ஆறே நாளில், ஏப்ரல் 25 அன்று, பார்க்கர் தாமே சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் வேறு விதமாக இருக்கிறது. என்ன செய்வது என்று கலந்து பேசவே கூடினோம். படையோடு மோதுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். அவர்கள் திடீரென்று நெருங்கியதும் கலைந்து போங்கள், சுடாதீர்கள் என்று உத்தரவிட்டேன் என்கிறார் அவர்.

நேயர்களே, என் மனம் மதிப்பது இந்த இரண்டாவது பார்க்கரைத்தான். 700 பேருக்கு முன்னால் 77 பேரை நிறுத்தி வீரம் பேசுவது எளிது. தன்னை நம்பி வாக்களித்தவர்களின் உயிரைக் காக்க, எல்லோர் கண்முன்னும் கலைந்து போகச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அந்த உத்தரவு வரிசை முழுவதையும் எட்டும் முன்பே ஒரு துப்பாக்கி வெடித்தது. அது எந்தப் பக்கத்துக் குண்டு என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. சில நிமிடங்களில் எட்டுப் பேர் உயிர் போயிற்று. அவர்களில் ஜோனஸ் பார்க்கரும் ஒருவர். குண்டடி பட்டு விழுந்த அவரைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அடிமையாக இருந்த பிரின்ஸ் தோளில் காயத்தோடு தப்பினார்.

காலையில் இவ்வளவு இழந்த பார்க்கர், மிஞ்சியவர்களைத் திரட்டி, பிற்பகலில் மறுபடியும் புறப்பட்டார். கான்கார்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படையை லெக்சிங்டன் எல்லையில் பாறையும் மரமும் நிறைந்த மேட்டில் மறைந்திருந்து தாக்கினார். பார்க்கரின் பழிவாங்கல் என்று வரலாறு அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. அண்மையில் தொல்லியலாளர்கள் அந்த மேட்டில் ஈயக் குண்டுகளைத் தேடி எடுத்திருக்கிறார்கள். அன்று முழுவதும் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 73 பேர். குடியேற்றத் தரப்பில் 49 பேர். அமெரிக்க விடுதலைப் போர் அப்படித்தான் தொடங்கியது.

அதன் முடிவைப் பார்க்கப் பார்க்கருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று காசநோய் அவரைக் கொண்டுபோனது. லிடியா ஏழு பிள்ளைகளோடு நின்றார். பிற்காலத்தில் மறுமணம் செய்துகொண்ட அவர், முதுமையில் மகன் வீட்டில் மாடி அறையில் இருந்தார். அந்த மகனின் பெயரும் ஜான்; தந்தையைப் போலவே உழவும் தச்சும் அவருக்குத் தொழில். 1810இல் அவருக்குப் பதினோராவது பிள்ளையாகப் பிறந்தவர் தியோடர். 80 வயது கடந்த பாட்டிக்குத் தினமும் இரண்டு வேளை மாடிக்குப் பானம் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் தியோடரின் வேலை.

அந்தச் சிறுவன் வளர்ந்து பாஸ்டனின் புகழ்பெற்ற சமயச் சொற்பொழிவாளர் ஆனார். 1850இல், தப்பி வந்த அடிமைகளைப் பிடித்து உடையவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு சட்டம் போட்டது. ஜார்ஜியாவிலிருந்து தப்பிவந்த வில்லியம், எல்லன் கிராஃப்ட் தம்பதியைத் தேடி ஆட்கள் பாஸ்டனுக்கே வந்துவிட்டார்கள். தியோடர் எல்லனைத் தம் வீட்டில் மறைத்து வைத்தார். மேசையில் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு சமய உரை எழுதினார். அந்த இருவருக்கும் முறைப்படி திருமணம் செய்துவைத்து இங்கிலாந்துக்குத் தப்ப உதவினார். பிறகு அமெரிக்க அதிபர் மில்லர்டு ஃபில்மோருக்கு நேரடியாகவே ஒரு கடிதம் எழுதினார். என் தாத்தா லெக்சிங்டனில் ஏந்திய துப்பாக்கியும், அன்று அவர் பிரிட்டிஷ் சிப்பாயிடம் கைப்பற்றிய துப்பாக்கியும் இதோ என் நூலக அறையில் தொங்குகின்றன; என் சபையோரை அடிமைத்தனத்திலிருந்து காக்க உயிரையும் கொடுக்கத் துணியாவிட்டால், இவற்றை வைத்துக்கொள்ள எனக்கு அருகதை இல்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

தாத்தாவின் படை வரிசையில் ஓர் அடிமை நின்றார். விடுதலைக்காக ரத்தம் சிந்தினார். அவருக்குச் சேர வேண்டிய விடுதலையும் அந்தப் போரின் கணக்கில்தான் அடங்கும். தாத்தா முடிக்காமல் விட்ட அந்தக் கணக்கைப் பேரன் தன் தலைமேல் போட்டுக்கொண்டார் என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

1860இல் தியோடர் இறந்தார். அவரையும் கொண்டுபோனது காசநோய்தான். இரண்டு துப்பாக்கிகளையும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கே உயில் எழுதி வைத்திருந்தார். சட்டம் இயற்றும் மேலவையின் மண்டபத்துச் சுவரில் அவை மாட்டப்பட்டன.

முன்னோர் வீரத்தைச் சொல்லிப் பெருமை கொள்ளாத குடும்பம் இல்லை. அந்தப் பெருமையை ஒரு கடமையாக எடுத்துக்கொண்டு, இன்று அநீதிக்கு ஆளாகிறவர்கள் பக்கம் நிற்கிறவர்களே முன்னோருக்கு உண்மையான வாரிசுகள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவர்கள் யாருக்காக நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.