இன்னும் ஒரு வருடம் எதற்கு?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் நான் அத்லெடிக் டிரெய்னர் என்று சொன்னால், ஊரில் எல்லாரும், "ஓகோ, ஜிம்மிலா?" என்றுதான் கேட்கிறார்கள். ஜிம் இல்லை. அங்கே அது மருத்துவம் சார்ந்த தனித் தொழில். மைதானத்தில் அடிபட்டு விழுந்தவரிடம் முதலில் ஓடிப் போகிறவர் அவர்தான். ஆபரேஷன் முடிந்த பிறகு பல மாதம் கூடவே இருந்து மீண்டும் ஆட வைப்பவரும் அவர்தான். 1950-இல் அவர்களுக்கென்று தேசியச் சங்கம் தொடங்கியது. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக அங்கீகரித்தது.

முன்பெல்லாம் இதற்கு இளநிலைப் பட்டம் போதும். முதுநிலைப் பட்டம் வேண்டும் என்று 2015-இல் முடிவெடுத்தார்கள். 2022 இலையுதிர் பருவம் முதல் இளநிலைப் படிப்பில் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை. முதுநிலை முடித்துத் தேசியத் தேர்வு எழுதி, பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸும் வாங்கினால் வேலை பார்க்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு, விருப்பப்பட்டவர்கள் சேர்வதுதான் ரெசிடென்சி. கட்டாயம் இல்லை. எலும்பியல், குழந்தைகள் நலம், மறுவாழ்வுச் சிகிச்சை என்று ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து, பொதுவாக ஒரு வருடம் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். நான் மறுவாழ்வுச் சிகிச்சையில் ரெசிடென்ட்டுகளுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன்.

"ரெண்டு வருஷம் படிச்சாச்சு, தேர்வும் பாஸ். இன்னும் ஒரு வருஷம் எதுக்கு சார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வருடம் கிடைக்கும் சம்பளம், முழு வேலைக்குப் போனால் கிடைப்பதைவிடக் குறைவு. படிப்புக் கடன் வேறு தலைமேல் இருக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பதினாறு வயதுப் பெண், பாஸ்கெட்பால் ஆடுபவள். முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். வலி இல்லை, வீக்கம் இல்லை, நேராக நன்றாக ஓடுகிறாள். சீசனின் கடைசி ஆட்டங்கள் வருகின்றன. கல்லூரிகளிலிருந்து ஆள் தேடி வருகிற நேரம். அன்று ஆடினால் ஸ்காலர்ஷிப் கிடைக்கலாம். கோச் கேட்கிறார், அப்பா கேட்கிறார், அவளும் கண்ணில் நீரோடு கேட்கிறாள்.

என்னிடம் ரெசிடென்ட்டாக இருந்த பெண் இரண்டு கால்களின் முன்தொடைத் தசை வலிமையையும் கருவியில் அளந்தாள். நல்ல காலுக்கு நூறு என்றால் ஆபரேஷன் ஆன கால் எழுபத்தெட்டு. தொண்ணூறாவது வர வேண்டும் என்பது பலரும் கடைப்பிடிக்கும் அளவு. ஒற்றைக் காலில் தாவச் சொன்னாள். தூரம் சரியாகவே இருந்தது. ஆனால் தரையில் இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்ந்தது.

"என்ன முடிவு?" என்று மட்டும் கேட்டேன். பதிலை நான் சொல்லவில்லை. அவளே அப்பாவிடம் போய், "இப்போ வேண்டாங்க. பயிற்சிக்கு வரட்டும், நேராக ஓடட்டும். சடாரென்று திரும்புகிற ஆட்டம் இப்போ இல்லை" என்று காரணத்தோடு சொன்னாள். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினாள். ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்கிறது அது. அப்பா கோபமாகத்தான் போனார். அந்த சீசன் போயிற்று. பத்தாவது மாதம் அளவெல்லாம் சரியாக வந்த பிறகே அவள் களத்தில் இறங்கினாள்.

தசையை அளக்கக் கல்லூரியிலேயே கற்றுக் கொடுக்கிறார்கள். கோச்சும் பெற்றோரும் எதிரே நிற்கும்போது அந்த அளவை நம்பி நிற்பதற்குத்தான் இந்த ஒரு வருடம். "ஏன் இந்தப் பயிற்சி? ஏன் இன்றைக்கு?" என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டே இருப்பார். நடுவில் ஆபரேஷன் தியேட்டரில் நின்று பார்ப்பது, கேஸ் எழுதிப் படிப்பது, சிறு ஆய்வு எல்லாம் உண்டு. பயந்து எல்லோரையும் உட்கார வைப்பதும் தப்புதான். தயாரானவரைத் தைரியமாக "போ, ஆடு" என்று அனுப்பவும் அங்கேதான் பழகுகிறோம்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நம்ம பி.பி.டி. பட்டத்தை மட்டும் வைத்து அந்தத் தேசியத் தேர்வை எழுத முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்பை முடிக்க வேண்டும், செலவு அதிகம். ஏஜென்ட் பேச்சை நம்பாமல் நன்றாக விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே கபடி ஆடுகிற பையனுக்கும் அதே முழங்கால்தான். "வலி போச்சா, ஆடு" என்று அனுப்பாதீர்கள். அளந்து பாருங்கள், எழுதி வையுங்கள். உங்கள் முடிவுக்குக் காரணம் கேட்கிற ஒரு சீனியரைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு விசா வேண்டாம்.