சீட்டு பத்திரமாக இருக்கிறது
(சங்கத்தின் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு வாசனையும் வர ஆரம்பித்துவிட்டது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1984-ல் இங்கே புள்ளியியல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போனவன் நான். எங்களுக்குப் பாடம் எடுத்த சார் எந்தச் சதவீதத்தைக் காட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "மேலே போட்ட எண் இருக்கட்டும், கீழே என்ன போட்டே?" தொகுதியை எல்லாரும் பார்ப்பார்கள், பகுதியைப் பார்க்கிறவன்தான் புள்ளியியல் படித்தவன் என்பார். அந்தக் கேள்வியை நானே மறந்துபோன கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

2021-ல் பணி ஓய்வு பெற்றேன். மறு வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்தார் கூப்பிட்டார்கள். ஒரு மாவட்டத்தில், வளர்ச்சியில் பின்தங்கும் சிறு குழந்தைகள் சேவை மையங்களுக்குச் சரியாகப் போய்ச் சேருகிறார்களா என்று மதிப்பீடு செய்து தர வேண்டும். சும்மா இருக்கிற மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒத்துக்கொண்டேன்.

திட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2013 பிப்ரவரியில் மத்திய அரசு ஆர்.பி.எஸ்.கே. என்கிற திட்டத்தைத் தொடங்கியது. ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்பது முழுப் பெயர். பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிப்பது இதன் வேலை. பிறவிக் குறை, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையாகப் பார்க்கிறார்கள். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை வர வேண்டும். சந்தேகம் இருந்தால் பரிந்துரைச் சீட்டு எழுதி மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறைப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் என எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பரிசோதனை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லீங்க. திருவனந்தபுரத்தில் உருவாக்கிய ஒரு அட்டவணை இருக்கிறது. இரண்டு வயது வரை 17 செயல்கள். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடது பக்கம் இருக்கிற செயல்களை எல்லாம் குழந்தை செய்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேலே அனுப்பிப் பார். அவ்வளவுதான்.

நான் ரிஜிஸ்டர்களைப் பார்த்தேன். பரிசோதித்த குழந்தைகள், சந்தேகத்துக்குரிய குழந்தைகள், சீட்டு கொடுத்த குழந்தைகள் என்று எல்லாம் சுத்தமான கையெழுத்தில் இருந்தன. சந்தேகம் வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் சீட்டு கொடுத்திருந்தார்கள். அறிக்கையில் "இணைப்பு சிறப்பாக நடைபெறுகிறது" என்று எழுதினேன். கைதட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். ஊருக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் வேறொரு வேலையாக அதே பக்கம் போனபோது, ஒரு அங்கன்வாடிப் பணியாளர், "சார், வந்ததுதான் வந்தீங்க, ஒரு வீட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்றார். போனேன். நான்கு வயதுப் பையன், திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தான். பின்னால் இருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. பேச்சும் இல்லை. சீட்டு கொடுத்தார்களா அம்மா என்று கேட்டேன். உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். ரேஷன் கார்டு, ஆதார், அதற்கு நடுவில் நான்காக மடித்த சீட்டு.

"பத்திரமா வெச்சிருக்கேன் சார்" என்றார்.

தேதியைப் பார்த்தேன். பதினோரு மாதம் ஆகியிருந்தது. நான் ரிஜிஸ்டரில் எண்ணிய சீட்டுகளில் அதுவும் ஒன்று. என் அறிக்கையில் அந்தப் பையன் ஒரு வெற்றி!

ஏன் போகவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். மாமியார், "இவன் அப்பனே அஞ்சு வயசுலதான் பேசினான்" என்றாராம். இருந்தும் ஒரு நாள் கிளம்பிப் போயிருக்கிறார். இரண்டு பஸ் மாற வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் போன நாளின் கூலியை யார் தருவார்? போன அன்று காது பார்க்கிறவர் லீவு. மறுபடி எந்தக் கிழமை வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. "அவங்களே கூப்பிடுவாங்கன்னு இருந்துட்டேன் சார்." அங்கே, மையத்தில், அவரே வருவார் என்று இருந்திருக்கிறார்கள். இடையில் நான் ஒருத்தன், சேர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பொன்னாடை வாங்கியிருக்கிறேன்.

அன்று இரவு லாட்ஜில் தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு கணக்குப் போட்டேன். நூறு பேருக்குச் சீட்டு கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மையத்துக்குப் போவது முதல் படி. முழுப் பரிசோதனை முடிவது இரண்டாம் படி. பயிற்சி தொடங்குவது மூன்றாம் படி. விடாமல் வருவது நான்காம் படி. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 80 பேர் தாண்டினாலே பிரமாதம் என்போம். ஆனால் 100 என்பது 80 ஆகி, 64 ஆகி, 51 ஆகி, கடைசியில் 41-ல் வந்து நிற்கும். எந்தப் படியிலும் யாரும் பெரிய தப்புச் செய்யவில்லை, ஆனாலும் பாதிக்கு மேல் காணோம்! பரிசோதனை நாளன்று அங்கன்வாடிக்கே வராத செங்கல் சூளைப் பிள்ளைகள் அந்த நூறிலேயே இல்லை. சார் கேட்ட "கீழே என்ன போட்டே" இதுதான்.

காது விஷயத்தில் காலம் ரொம்ப முக்கியம். பிறந்த 1 மாதத்தில் சோதித்து, 3 மாதத்துக்குள் உறுதி செய்து, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் வயது அது.

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். "எத்தனை சீட்டு" என்ற கேள்வியை அடித்துவிட்டு மூன்று கேள்விகள் போட்டேன். சீட்டு கொடுத்த நாளுக்கும் முதல் பயிற்சி நாளுக்கும் இடையில் எத்தனை நாள்? வராத குழந்தையின் வீட்டுக்கு யார் போன் செய்தார்? ஆறு மாதம் கழித்து அந்தக் குழந்தை புதிதாக என்ன செய்கிறது? இந்த மூன்றுக்கும் ரிஜிஸ்டரில் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததை யாரும் எழுதுவதில்லை, எழுதாததை யாரும் கேட்பதுமில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது காதுக் கருவி பொருத்தியாகிவிட்டது. பள்ளிக்கும் போகிறான். பேச்சு வருகிறது, ஆனால் கூடப் படிக்கும் பிள்ளைகள் அளவுக்கு இல்லை. அந்தப் பதினோரு மாதம் முன்னதாகவே வந்திருந்தால் எவ்வளவு பேசியிருப்பான் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. காபி கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நண்பர்களே, நம் சங்கம் வருஷா வருஷம் கல்லூரிக்கு பீரோ, மின்விசிறி, வாட்டர் கூலர் என்று வாங்கிக் கொடுக்கிறது. கொடுக்கட்டும். கூடவே ஒரு விண்ணப்பம். நம்மில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். அவரவர் ஊர் அங்கன்வாடிக்கு ஒரு நடை போய், போகாமல் கிடக்கும் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று பணியாளரிடம் கேளுங்கள். இருந்தால் அந்தத் தாயோடு ஒரு தடவை கூடப் போங்கள். எந்தக் கிழமை யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

எங்கள் சார் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கணக்குக்கு எனக்கு முட்டைதான் போட்டிருப்பார். திருத்தி எழுதியதற்காக ஒரு மார்க்காவது தருவார் என்று நம்புகிறேன்.