அவன், அவள், அவங்க: காரைக்கால் கூட்டத்தில் நமது ஐ.டி. விங் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்



நான் இன்ஜினியரிங் படிச்ச ஆளு, மேடைப் பேச்சு வராது. ஒரு தப்பை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. 25 வயசுப் பெண்ணை வீட்டுக்காரங்க பிடிச்சு வச்சிருந்தாங்க. அவரோட இணையர், அவரும் பெண்தான், ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டது. கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழின்னு இல்லை என்றும் சொன்னது. அந்தச் செய்திக்கு நான் போட்ட கார்டுல தலைப்பு என்ன தெரியுமா? "திருநங்கைக்கு நீதி". அரை மணி நேரத்துல இன்பாக்ஸ்ல ஒரு தங்கச்சி: "அண்ணா, அவங்க ரெண்டு பேருமே பெண்கள்." கமெண்ட்ல நம்ம ஆளுங்களே, "இதுல யாரு ஆம்பள?"

யாருமே இல்லை! அதுதானே விஷயம்.

நான் யார் என்பது பாலின அடையாளம். யார் மேல ஈர்ப்பு என்பது வேற கேள்வி. லெஸ்பியன் பெண் கிராப் வெட்டி புல்லட் ஓட்டினாலும் பெண்தான். 'அவள்'னு சொன்னா பிடிக்காத லெஸ்பியன்களும் உண்டு. அதனால அவங்க லெஸ்பியன் இல்லைன்னு ஆகிடாது. ஆனா பெண்ணாப் பிறந்ததாகப் பதிவாகி ஆணாக வாழ்கிறவர் திருநம்பி. அவர் ஒரு பெண்ணைக் காதலிச்சா அது லெஸ்பியன் ஜோடி இல்ல.

இங்கிலீஷ்காரங்க இப்போ 'தே'ன்னு சொல்லப் பழகுறாங்க. நமக்கு 'அவங்க' வீட்டுலயே இருக்கு. ஆனா அதுக்குப் பின்னாடியே ஒளியவும் கூடாது. நம்ம ஊர்ல உண்மையான பிரதிப்பெயர் அக்கா, அண்ணன், தம்பிதான். திருநம்பி ஒருத்தர் "தம்பின்னு கூப்பிடுங்க"ன்னா, தம்பிதான். அப்புறம் இந்த 'அது'ன்னு எழுதுற கும்பல்... தொல்காப்பியமே பேடிக்கு உயர்திணை விகுதிதான் கொடுத்திருக்கு. தமிழ்ப்பற்று பேசுறவங்க கிளவியாக்கத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.

தெரியாம இருக்கிறது தப்பில்லை. 2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த ரெண்டு பெண்கள் வழக்கை விசாரிச்ச நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது முழுசாப் புரியலைன்னு சொல்லி ஒரு உளவியலாளர்கிட்ட உட்கார்ந்து கேட்டுக்கிட்டார். அப்புறம்தான் ஜூன் 7 அன்று உத்தரவு. அந்த வழக்கின் தொடர்ச்சியாத்தான் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்ட்டில் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இவங்களைக் காவலர்கள் தொந்தரவு செய்யக் கூடாதுன்னு நடத்தை விதியும் அங்க வந்தது.

இங்கதான் நமக்கு ஒரு சிக்கல். அந்த விதி வாஞ்சூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்தான். நம்ம போலீஸ் புதுச்சேரி அரசோடது. ஆனா உயர் நீதிமன்றம் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணு. நாளைக்கு காரைக்கால் பொண்ணு ஒருத்தி உதவி கேட்டு நம்ம இன்பாக்ஸுக்கு வந்தா, விதியைத் தேடாதீங்க, 2021, 2025 உத்தரவுகளை எடுத்துக்கிட்டு ஒரு வக்கீலோட ஸ்டேஷனுக்குப் போங்க. வந்தவளோட பேரையும் ஊரையும் நம்ம குரூப்ல கூட போடாதீங்க.

அட்மின் தோழர்களுக்கு: 'அது'ன்னு வர்ற கமெண்ட் உடனே டிலீட். என் பழைய கார்டை மட்டும் அழிக்கல. தலைப்பைத் திருத்தி, தப்பு என்னுடையதுன்னு கீழே எழுதியிருக்கேன்.