எட்டும் கனி

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் பயின்ற பிள்ளைக்குக் கணினித் துறை எட்டாக்கனி என்று திருமுல்லைவாயிலிலும் எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் இனிச் செல்லாது.

சென்னை ஐ.ஐ.டி. 2020ஆம் ஆண்டு தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பொன்றை அறிவித்தது. அதற்கு ஜே.இ.இ. தேர்வு வேண்டா, வயது வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் பயின்று, பன்னிரண்டாம் வகுப்பில் எப்பிரிவிலேனும் தேறியிருத்தல் போதும். நான்கு வாரப் பாடங்களைக் கற்றுத் தகுதித் தேர்வில் வென்றோர் சேரலாம்.

நுழைவது எளிதாயினும் முடிப்பது எளிதன்று. புள்ளியியல், பைத்தான், தரவுத்தளம் எனப் பாடங்கள் கடினமாகிக்கொண்டே செல்லும். வாரந்தோறும் ஒப்படைப்புகளை உரிய நாளில் முடித்தல் வேண்டும். பாடம் இல்லத்தில், தேர்வோ மையத்திற்குச் சென்று நேரில் எழுதுவது. மணியடிக்க ஆளில்லாத வகுப்பு அது. (கடைக்குப் போய்வரச் சொல்லும் குரல் மட்டும் தவறாது ஒலிக்கும்!) ஆகவே, மாலையில் இரண்டு மணி நேரமேனும் பிள்ளையைத் தனியே விடுதல் பெற்றோர் கடன்.

இடையில் நிறுத்த நேரினும் உழைப்பு வீணாகாது. அடிப்படை நிலைக்குச் சான்றிதழும், அடுத்த நிலைக்குப் பட்டயமும், பின்னர் பி.எஸ்சி., பி.எஸ். பட்டங்களும் உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்தார்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. மணமாகி வேற்றூர் செல்லும் பெண்ணும் அங்கிருந்தே படிப்பைத் தொடரலாம்.