பாட்டி சொன்னதும் ஆய்வேடுதான்

பிள்ளைகள் பட்டம் வாங்குவதைக் கண்ணால் பார்க்க விடிவதற்கு முன்பே பேருந்து ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, தாத்தா பாட்டிமார்களே, இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே!

ஒரு பாட்டியிடமிருந்து என் உரையைத் தொடங்குகிறேன். அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் 1915இல் பிறந்தவர் மார்கரெட் வாக்கர். கறுப்பினக் குடும்பத்துப் பெண். சிறுவயதில் இரவில் பாட்டி அவருக்குக் கதை சொல்வார். ராஜா ராணி கதை அல்ல. தன்னைப் பெற்ற தாய் அடிமையாகப் பிறந்து வளர்ந்த கதை, உள்நாட்டுப் போர் வந்த கதை, விடுதலைக்குப் பிறகும் நிம்மதியாகக் குடியிருக்க ஓர் இடம் கிடைக்காமல் அலைந்த கதை. இதை ஒருநாள் எழுதியே தீருவேன் என்று பேத்தி மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டார்.

இளங்கலைப் படிப்பின் கடைசி ஆண்டில், 1934இல், எழுத உட்கார்ந்தார். சில நூறு பக்கங்கள் ஓடின. ஆனால் பாட்டியின் சொல் மட்டும் போதாது, அந்தக் காலத்தையே படித்தாக வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. நிறுத்திவிட்டார். அயோவா பல்கலைக்கழகத்தில் முதுகலையில் சேர்ந்தார். அங்கே அவர் ஆய்வேடாகக் கொடுத்தது ஒரு கவிதைத் தொகுதி. 1940இல் பட்டம் கிடைத்தது. அந்தத் தொகுதிதான் 1942இல் யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் வரிசைப் பரிசைப் பெற்று நூலானது.

பிறகு திருமணம், நான்கு குழந்தைகள், மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் கல்லூரி ஆசிரியப் பணி. இவற்றுக்கு நடுவே, பொழுது வாய்த்தபோதெல்லாம் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் போனார். அடிமைகளாக இருந்தவர்களின் வாக்குமூலங்கள், பழைய கடிதங்கள், நாட்குறிப்புகள் எல்லாவற்றையும் படித்தார். பாட்டி சொன்ன ஒவ்வொன்றையும் ஆவணங்களோடு ஒத்துப் பார்த்தார். நாற்பது வயதைத் தாண்டியபின் மறுபடியும் அயோவாவுக்குப் போய் மாணவியாக உட்கார்ந்தார். 1965இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் கொடுத்த ஆய்வேடு 'ஜூபிலி' என்ற நாவல். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. தொடங்கியபோது வயது பத்தொன்பது, முடித்தபோது ஐம்பதை நெருங்கியிருந்தார்.

பாட்டி சொன்ன கதைக்கு ஒரு பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் கொடுத்தது. இந்த ஒரு செய்தியை உங்களிடம் சேர்க்கத்தான் இன்று வந்தேன்.

அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று பார்க்க வேண்டும். மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்த அயோவா பல்கலைக்கழகம் 1922இல் ஒரு முடிவெடுத்தது. கவிதை, கதை, நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றையும் உயர் பட்டங்களுக்குரிய ஆய்வேடாக ஏற்றுக்கொள்வோம் என்றது. கலைகளைப் பற்றி எழுதுகிறவருக்கு மட்டும் பட்டம், அதைப் படைக்கிறவருக்கு இல்லை என்பது நியாயமா என்ற கேள்விக்கு அது கொடுத்த பதில் இந்த முடிவு. 1936இல் அங்கே எழுத்தாளர் பட்டறை முறைப்படி அமைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, அரசின் கல்வி உதவியோடு திரும்பிய வீரர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தபோது வகுப்பறை போதவில்லை. ஆற்றங்கரையில் போட்டிருந்த தகரக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. இன்று உலகெங்கும் நடக்கும் படைப்பெழுத்து முதுகலைப் படிப்புகள் பலவற்றுக்கு அந்தக் கொட்டகைதான் தாய்வீடு.

அங்கே நடப்பது எளிமையானது. ஒரு மாணவர் கதை எழுதுகிறார். அதன் நகல் எல்லோருக்கும் முன்கூட்டியே போய்விடும். வகுப்பில் மற்றவர்கள் அதைப் பிரித்துப் பேசுவார்கள். எங்கே ஓடுகிறது, எங்கே நொண்டுகிறது, எந்த இடத்தில் எழுதியவர் பயந்து பின்வாங்கிவிட்டார் என்று சொல்வார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது மரபு. தன் எழுத்து தன் விளக்கத்தின் துணையின்றித் தனியே நிற்கிறதா என்று அவர் பார்த்தாக வேண்டும். இரண்டு ஆண்டுகள் இப்படி. நேரம், நேர்மையாகப் படிக்கும் பத்துப் பேர், தப்ப முடியாத கெடு. இந்த மூன்றைத்தான் அந்தப் படிப்பு தருகிறது. திறமையைத் தருவதாக அது சொல்லவில்லை.

எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று நம் ஊரில் எல்லோரும் கேட்கிறோம். நாகஸ்வரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் மேதைமை எவரும் கற்பித்து வந்ததல்ல. ஆனால் அந்த மேதைமை காலூன்றி நிற்பதற்கு ஒரு குருகுலம், ஓர் அசுர சாதகம், கேட்டுத் தலையசைக்கவும் முகம் சுளிக்கவும் தெரிந்த ஒரு சபை வேண்டியிருந்தது.

அதே திருவாவடுதுறையில் எழுத்துக்கும் ஒரு பட்டறை நடந்திருக்கிறது. அவ்வூர்ச் சைவ மடமான ஆதீனத்தின் வித்துவானாக இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணச் செய்யுள்களை வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். ஒரு செய்யுள் பிறக்கும்போது பக்கத்தில் இருப்பது எத்தகைய பாடம்! எந்தச் சொல் முதலில் வந்தது, எது மாறியது, எதுகைக்காக எதைத் தேடினார் என்று அவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். மாணவர்களும் பாட்டுக் கட்டினார்கள், ஆசிரியர் திருத்தினார். நூல் முடிந்ததும் சபையில் அரங்கேற்றம். 1871இல் அவரிடம் சேர்ந்த உ.வே.சாமிநாதையர் அந்த நாட்களை 'என் சரித்திரம்' நூலில் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அன்றைக்குத் தமிழ் படிப்பது என்றால் இலக்கியத்தை அறிவதும் இலக்கியம் செய்வதும் ஒரே படிப்பு.

பிறகு கல்லூரிகள் வந்தன. அவை வந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் படித்தோம். மடத்துத் திண்ணையில் எங்களுக்கெல்லாம் இடம் கிடைத்திருக்காது. அந்த நன்றியை மறந்து நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வந்த வழியில் ஒன்றைக் கைநழுவ விட்டோம். அறிவது வகுப்பறைக்குள் வந்தது. செய்வது வாசலில் நின்றுவிட்டது. நாவலைப் பற்றி ஆராய்ந்து முனைவர் ஆனவர்கள் நம்மிடம் ஏராளம். நாவல் எழுதி முனைவர் ஆகலாமா என்று கேட்டால் இன்றும் பலர் சிரிப்பார்கள்.

இதில் எனக்கு ஒரு சொந்த வலி உண்டு. எம்.ஃபில். பட்டத்துக்காக மழை குறித்த நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ந்தேன். ஆடு மேய்த்த என் தாத்தாவுக்கு மழைக்குறிகள் நிறையத் தெரியும். எறும்பு எப்போது முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறும், ஆடுகள் எந்தக் காற்றுக்கு ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் என்றெல்லாம் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல எழுதி, பத்துப் பன்னிரண்டு பக்கங்களை ஆய்வேட்டின் பின்னிணைப்பாக வைத்திருந்தேன். இதற்கு ஆதார நூல் எது என்று கேட்டார்கள். தாத்தா சொன்னார் என்றேன். அந்தப் பக்கங்களை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். பட்டம் கிடைத்தது. அந்தக் காகிதங்கள் வீடு மாறும்போது எங்கோ போய்விட்டன. தாத்தாவும் போய்விட்டார். எந்த நூலிலும் இல்லாத ஒன்றை, எந்த நூலிலும் இல்லை என்ற காரணத்தாலேயே நான் தொலைத்தேன். மார்கரெட் வாக்கர் தன் பாட்டியை விட்டுக்கொடுக்கவில்லை. நான் விட்டுக்கொடுத்தேன். என் வயதுக்கு வந்து நீங்கள் இப்படி வருந்தக் கூடாது.

வெளிநாட்டில் இருப்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். அதே அயோவா பட்டறையில் 1970களின் பிற்பாதியில் படித்தவர் சாண்ட்ரா சிஸ்னெரோஸ். மெக்சிகோவிலிருந்து வந்த தந்தையின் மகள். ஆறு சகோதரர்களோடு சிகாகோவின் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர். ஒருநாள் வகுப்பில், வீடு என்பது மனித நினைவில் எப்படி வாழ்கிறது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி பாஷ்லார் எழுதிய நூலை வைத்துப் பேசினார்கள். மச்சு அறை, மாடிப்படி, நிலவறை என்று பேச்சு நீண்டது. சிஸ்னெரோஸுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. அவர் அறிந்த வீட்டில் இவை எதுவுமே இல்லை. தான் இந்த இடத்துக்குத் தகுதியற்றவள் என்ற கூச்சம் முதலில் வந்தது. பிறகுதான் இந்த அறையில் இருக்கும் வேறு எவராலும் எழுத முடியாத ஒரு வீடு தன்னிடம் இருக்கிறது என்ற தெளிவு பிறந்தது. பட்டறைக்காக எழுதியவற்றுக்கு வெளியே, தன் தெருவின் பேச்சில் சின்னச் சின்னச் சித்திரங்களாக எழுதத் தொடங்கினார். 1984இல் 'மாங்கோ தெரு வீடு' நாவல் வெளிவந்தது. இன்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கும் நூல் அது.

உயர்கல்விக்குள் வரும் முதல் தலைமுறை மாணவர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கூச்சம் தெரியும். உங்களில் பலருக்கு அது நேற்றுவரை இருந்திருக்கும். பேச்சுவழக்கை மறைத்திருப்பீர்கள், அப்பாவின் தொழிலைச் சொல்லத் தயங்கியிருப்பீர்கள். எதை மறைத்தீர்களோ, அதுதான் இந்தப் பல்கலைக்கழகத்து நூலகத்தில் இன்னும் வந்து சேராத புத்தகம்.

இதை உணர்ந்து நடந்த பல்கலைக்கழகம் நம் பக்கத்திலேயே உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1923இல் பிறந்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காத விவசாயி. தன் மண்ணின் பேச்சைத் திரட்டி 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே கொண்டுவந்தவர். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. அங்கே அவர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். பட்டம் இல்லாத ஒருவரிடம் பட்டதாரிகள் பாடம் கேட்டார்கள். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. அந்த அழைப்பால் கி.ரா.வைவிடப் பல்கலைக்கழகம்தான் கூடுதலாகப் பெருமை பெற்றது என்பேன்.

துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழுவுக்கும் என் வேண்டுகோள் இது. இந்தப் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்துக்கு ஒரு முதுகலைப் படிப்பு தொடங்குங்கள். படைப்பையும் ஆய்வேடாக ஏற்கும் விதி ஒன்றை எழுதுங்கள். மாணவர் வருவார்களா என்ற தயக்கம் வேண்டாம். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970இல் இத்தகைய படிப்பைத் தொடங்கியபோது கதை எழுத வந்த மாணவர் ஒரே ஒருவர். அவர் இயன் மெக்கீவன். பத்தாண்டுக்குள் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தவர் கசுவோ இஷிகுரோ. 2017இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மாணவர் போதும், தொடங்கிவிடலாம்.

இது தமிழ் படித்தவர்களுக்கான பேச்சு என்று மற்றவர்கள் எண்ண வேண்டாம். வணிகவியல் பட்டதாரியே, மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருக்கிறாயா? எந்த விரலுக்கு எவ்வளவு என்று உன் மாமாவுக்குத் தெரிந்திருக்கும். புவியியல் பட்டதாரியே, உங்கள் ஊர்க் கண்மாயின் மடைகளுக்கும் கலிங்குக்கும் என்ன பெயர், யார் தண்ணீர் பாய்ச்சினார்கள், எந்த ஆண்டு கரை உடைந்தது என்று உன் அப்பத்தாவைக் கேட்டாயா? தாவரவியல் படித்த மகளே, உன் அம்மா வயலில் களையென்று பிடுங்கியதில் எதைக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்? எதையும் புதிதாகச் செய்கிறவர் முதலில் கேட்கிறார். பிறகு பாடுபட்டுச் சரிபார்க்கிறார். அதன்பின் தன் சொல்லில் எழுதுகிறார். வாக்கர் முப்பது ஆண்டு செய்தது அதைத்தான். கற்பனை என்பதற்குக் கடுமையான உழைப்பு என்றும் ஒரு பொருள் உண்டு.

உங்கள் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் பட்டத்தை எல்லோருக்கும் காட்டுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், பாயசம் சாப்பிடுங்கள். அதன்பின் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லும் பேச்சிலேயே எழுதுங்கள். தேதி போடுங்கள். ஆதாரம் எது என்று எவர் கேட்டாலும், அவர் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அந்தப் பக்கங்களை மட்டும் யார் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள்.