கைதட்டும் முன் யோசியுங்கள்!

(இளைஞர், வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வாலிபர்களின் பேச்சில் ஒரு தொடரின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ‘ஸ்கேம்’. 2020 அக்டோபரில் சோனி லிவ் தளத்தில் அதன் முதல் சீசன் வந்தது. மும்பைப் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் கதை. 2023இல் அடுத்த சீசன் வந்தது. போலி முத்திரைத்தாள் அச்சடித்து விற்ற அப்துல் கரீம் தெல்கியின் கதை. சஹாரா குழுமத்தின் சுப்ரதா ராய் கதையும் வரும் என்று 2024இல் அறிவித்தார்கள்.

இதையெல்லாம் பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். தெல்கியைப் போலீஸ் நெருங்கும்போது உங்கள் மனம் யார் பக்கம் நின்றது? ‘தப்பித்துவிட வேண்டுமே’ என்று துடித்ததா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்! ஒரு மோசடிக்காரனை நாலைந்து மணி நேரத்தில் உங்களுக்கு வேண்டியவனாக ஆக்கிவிட்டார்கள். அவனிடம் பணத்தைக் கொடுத்தவர்களுக்கும் அவன் அப்படித்தான் வேண்டியவனாக இருந்தான்.

இனி நடந்ததைப் பாருங்கள்.

வங்கிகள் தங்களுக்குள் அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும்போது, பத்திரத்திற்குப் பதிலாக ‘பேங்க் ரசீது’ என்ற ஒரு தாளைக் கொடுத்து வந்தன. கையில் பத்திரமே இல்லாமல் அந்த ரசீதை எழுதித்தரச் சில சிறிய வங்கிகள் துணிந்தன. அதை நம்பி வெளியே வந்த வங்கிப் பணம் பங்குச் சந்தைக்குள் போனது. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு 9,000 ரூபாய் வரை ஏறியது. 1992 ஏப்ரல் 23 அன்று ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் பத்திரிகையாளர் சுசேதா தலால் விஷயத்தை உடைத்தார். சந்தை சரிந்தது. உச்ச விலையில் வாங்கிய சின்ன மனிதர்கள் தெருவில் நின்றார்கள். ஹர்ஷத் 2001 டிசம்பர் 31 அன்று காவலில் இருந்தபோதே இறந்தார்.

தெல்கி 1994இல் முத்திரைத்தாள் விற்க உரிமம் பெற்றவர். நாசிக் அரசு அச்சகம் கழித்துவிட்ட இயந்திரங்களைக் கைப்பற்றிப் போலித்தாள் அடித்தார். வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தரகு நிறுவனங்களுக்கும் மொத்தமாக விற்றார். 2001இல் அஜ்மீரில் கைது. 2006இல் 30 ஆண்டு சிறைத் தண்டனை. 2017 அக்டோபரில் பெங்களூர் மருத்துவமனையில் கைதியாகவே உயிர் போனது. இதுவா நாயகனின் வாழ்வு?

ஒருவர் பெயர் ஹர்ஷத், இன்னொருவர் பெயர் கரீம். மோசடிக்கு மதமில்லை சகோதரர்களே! இரண்டிலும் ஆயுதம் ஒன்றுதான். யாரும் சரிபார்க்காத ஒரு தாள்.

‘பேராசைக்காரன்தான் ஏமாறுவான், நமக்கென்ன?’ என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஐ.எம்.ஏ.வை நினைவூட்டுகிறேன். பெங்களூரில் 2006இல் தொடங்கிய நிறுவனம் அது. வட்டி கிடையாது, ஹலாலான லாபம் என்றார்கள். வட்டிக்கு அஞ்சிய நம் மக்கள் அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். 2019 ஜூனில் அதன் தலைவர் மன்சூர் கான் துபாய்க்குப் போய்விட்டார். ஜூலையில் டெல்லி விமான நிலையத்தில் கைதானார். புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் பல்லாயிரம் பேர். இவர்களைப் பேராசைக்காரர்கள் என்பீர்களா? ஹராமுக்கு அஞ்சியதையே தூண்டிலில் இரையாக மாட்டினார்கள்!

ஆகவே வணிகர்களே, ‘முதலீடு’ என்று யார் வந்து கேட்டாலும், அவர் உறவினராக இருந்தாலும், நாலு கேள்வி கேளுங்கள். என்ன வியாபாரம்? லாபம் எங்கிருந்து வருகிறது? நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு? பொதுமக்களிடம் பணம் திரட்ட ரிசர்வ் வங்கியிலோ செபியிலோ பதிவு உண்டா? நஷ்டத்தைப் பற்றிப் பேசாமல் மாதாமாதம் லாபம் மட்டும் தருகிறேன் என்பவனிடம் கூட்டு வியாபாரம் இல்லை. புதிதாகச் சேர்கிறவனின் பணத்தைப் பழையவனுக்குக் கொடுக்கும் சுழற்சிதான் அநேகமாக இருக்கும். காட்டப்படும் சான்றிதழை, அதைக் கொடுத்த அலுவலகத்திலேயே போய்ச் சரிபாருங்கள். ‘இன்னார் சேர்ந்திருக்கிறார்’ என்பது சான்று ஆகாது. அந்த இன்னாரும் வேறொருவரைப் பார்த்துத்தான் சேர்ந்திருப்பார்.

இளைஞர்களே, அடுத்த சீசன் வந்தால் பாருங்கள். ஆனால் நாயகன் மீதே கண்ணை வைக்காதீர்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அதிகாரி யார், கேள்வி கேட்க வெட்கப்பட்டவர் யார் என்று கவனியுங்கள். உங்கள் மஹல்லாவில் ஒரு விதவைத் தாய் தன் சேமிப்பை எங்கேயோ போடப் போகிறார் என்று கேள்விப்பட்டால், அவர் வீட்டிற்குப் போங்கள். அந்தத் தாளை வாங்கி அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பணம் போனபின் ஆறுதல் சொல்லப் போவதைவிட, போகும் முன் போவது மேல்.